உள்ளே போங்க, இடம் இருக்கு

பம்பாய்,
21-5-1995.

மத்தூரில் வசிப்பவரும், தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவரும், 1971-ஆம் ஆண்டு என் மீது எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தவருமான மைத்துனர் பரமசிவம் அவர்களுக்கு, சென்னகிருஷ்ணன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் தங்கை ஜெயமணியும், மகன் அண்ணாதுரையும் நலம். அங்கு உங்கள் நலத்துக்கும், உங்கள் முழங்கால் வலியின் தற்போதைய நிலவரத்துக்கும் பதில் போடவும்.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விமான கம்பெனி மீது புகார் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். படிக்கிறவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று படிக்கும்படி எழுத வேண்டும். அப்படி எழுதத் தெரிந்தவர் நம் இரண்டு குடும்பத்திலும் நீங்கள் ஒருவர்தான் என்பதை இருபத்து நான்கு வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். இதை வைத்து 1971-இல் நீங்கள் எழுதிய சங்கதி சரி என்று நான் சொல்வதாக அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கதி தப்பு. எழுத்து நன்றாக இருந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், பின்னால் இது வேண்டியிருக்கிறது. வெங்கடப்பன் முதலாளியின் சிங்காரப்பேட்டை - ஓசூர் வண்டியில் நான் நடத்துனர். ஜெயமணிக்கு எட்டாம் மாதம், வயிற்றில் அண்ணாதுரை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போக மத்தூரில் ஏறினாள். வண்டியில் மூச்சுவிட இடமில்லை. ஜன்னல் ஓரமாக இருந்த ஒரு காலேஜ் வாலிபன் எழுந்து "உக்காருங்கக்கா" என்றான். நான் அவன் தோளைப் பிடித்து அழுத்தித் திரும்ப உட்கார வைத்தேன். "டிக்கெட் வாங்கினவன் உக்காருப்பா. கண்டக்டர் பொண்டாட்டிக்குன்னு தனிச் சட்டம் கெடையாது" என்றேன். கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே வந்தாள். தன் வீட்டாருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற கண்டக்டரை எந்தப் பயணி மதிப்பான், சொல்லுங்கள்? மறு வாரமே உங்கள் மூன்று பக்கப் புகார் முதலாளி கைக்கு வந்தது. 'மேற்படி நடத்துனர், தம் கர்ப்பிணி மனைவிக்குத் தானாகக் கிடைத்த இருக்கையையும் கிடைக்காதபடி செய்தார்' என்ற வரியை முதலாளி எழுந்து நின்று இரண்டு தடவை படித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஏழு நாளைக்குள் விளக்கம் கொடு என்று எனக்கு மெமோ வந்தது. கொடுக்கவில்லை. சரியாக நடந்தவன் எதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும்? அந்த மெமோ இன்றும் என் டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அந்தப் பேனாவைத்தான் இப்போது இவர்கள் மீது எடுக்கச் சொல்கிறேன். கம்பெனி பெயரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் அவர்களுக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும். தனித் தாளில் எழுதி மடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். அண்ணாதுரையை ஓசூர் தொழிற்சாலையிலிருந்து பம்பாய்க் கிளைக்கு மாற்றியது உங்களுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் எங்களை வரச்சொல்லி, போக வர விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டான். ரயிலில் வருகிறேன் என்று எழுதினேன். 'டிக்கெட்டைத் திருப்ப முடியாதுப்பா' என்று பதில் போட்டான். ஜெயமணி நாலு நாள் அந்த டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஐந்தாம் நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"வர்றேன். ஆனா எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்."

"வாங்கித் தர்றேன்."

"பக்கத்துல நீங்க உக்காரணும்."

"வேற எங்க உக்காருவேன்?"

"எனக்கு இன்னா தெரியும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க வண்டியில எத்தினி தடவை வந்திருப்பேன். நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல. நீங்களும் நின்னுக்கினு வருவீங்க, நானும் நின்னுக்கினு வருவேன். ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரு ஊருக்குப் போய் எறங்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் ரிட்டையர் ஆகி நாலு வருடம் ஆகிறது, இப்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள்? வார்த்தை கொடுத்தேன். நான் கொடுத்த வார்த்தையை இதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விமானம் பெங்களூரிலிருந்து பதினொன்றேகாலுக்கு. வண்டி எடுக்கும் நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருப்பது என் பழக்கம், ஆகவே ஓசூரில் முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கே போய்விட்டோம். கவுண்டர் திறந்ததும் வரிசையில் முதல் ஆள் நான். அங்கே உட்கார்ந்திருந்த பெண் எங்கள் பெட்டியைத் தராசில் வைத்து, கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டி, ஓடுகிற ரப்பர் பட்டையில் தள்ளிவிட்டாள். பெட்டி ஒரு ஓட்டைக்குள் போய் மறைந்தது. எங்கம்மா போகுது என்றேன். வரும் சார் என்றாள். எப்ப வரும், எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க என்றேன். வரும் சார் என்றாள். மச்சான், என் வண்டியில் ஒரு கூடைத் தக்காளியை மேலே ஏற்றினாலும், ஏற்றின ஆளைக் கூப்பிட்டு, இதோ ஸ்டெப்னிக்குப் பக்கத்துல வெச்சிருக்குது, பாத்துக்கோ என்று கையைக் காட்டாமல் நான் விசில் கொடுத்ததில்லை. இங்கே பெட்டிக்குள் எங்கள் துணிமணியும், அண்ணாதுரைக்கு ஜெயமணி போட்ட ஆவக்காய் ஊறுகாய் நாலு கிலோவும் இருக்கிறது, 'வரும் சார்' என்கிறார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். இருக்கைச் சீட்டைக் கையில் கொடுத்தாள். எனக்கு ஒன்பதாம் வரிசை. ஜெயமணிக்கு இருபத்தோராம் வரிசை, அதுவும் நடு இருக்கை. முதல் ஆளா வந்து நிக்கறேன், எனக்கே இப்படின்னா கடைசி ஆளுக்கு றெக்கை மேலயா இடம் என்று கேட்டேன். ஏதோ பெரிய கம்பெனி ஆட்கள் நாற்பது பேர் கூட்டமாகப் போகிறார்களாம், நேற்றே போன் பண்ணி இடம் பிடித்துவிட்டார்களாம். துண்டு போடாமல், ஆள் வராமல், போனில் இடம் பிடிக்கிறது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. 'ஃப்ளைட் ஃபுல் சார். நீங்க உள்ள போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், உள்ள பாத்துப்பாங்க' என்றாள்.

இந்த இடத்தில் புகாரைக் கொஞ்சம் அழுத்தி எழுத வேண்டும். முப்பத்தொரு வருடம் படிக்கட்டில் நின்று 'உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு' என்று சொன்னவன் நான். உள்ளே இடம் இருக்காது. இருக்காது என்று எனக்கும் தெரியும், ஏறுகிறவனுக்கும் தெரியும். அதைச் சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? அதே குரல், மச்சான். அச்சு அசலாக அதே குரல். என்னிடமே!

அடுத்தது சோதனை. சட்டைப் பையில் என் விசில் இருந்தது. ரிட்டையர் ஆனாலும் அது இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. ஒரு வாசல் மாதிரி நிறுத்தியிருந்தார்கள், நான் நுழைந்ததும் அது கத்தியது. காவலர் விசிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது என்ன என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. ஊதிக் காட்டினேன். அங்கே நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பைலட்டும் நின்றார். நல்ல விசில் அது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை.

பதினொன்றேகால் ஆனது. பன்னிரண்டு ஆனது. இயந்திரக் கோளாறு காரணமாகத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் எழுந்து போய் எந்த இயந்திரம் என்று கேட்டேன். டெக்னிகல் சார் என்றார் அங்கிருந்தவர். தெரியுது சார், கிளட்சா, பிரேக்கா, பெல்ட்டா என்றேன். டெக்னிகல் சார் என்றார். என் வண்டி காவேரிப்பட்டணம் பக்கம் படுத்துக்கொண்டால், என்ன உடைந்தது, யார் வாங்கி வரப் போயிருக்கிறார், எந்தக் கடையில் கிடைக்கும், அதுவரை எந்த மரத்தடியில் உட்காரலாம், பக்கத்தில் மோர் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிவிட்டுத்தான் நான் பீடி பற்றவைப்பேன். பயணிக்குக் கோபம் வருவது வண்டி நின்றதால் அல்ல, ஏன் நின்றது என்று சொல்லாததால். இது இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. அங்கே இருந்த சூட் போட்டவர்கள் ஒருவராவது கேட்க வேண்டுமே? எல்லாரும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் மூன்று தடவை எழுந்து போய்க் கேட்டேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். விமானம் வரைக்கும் போக ஒரு பஸ் விட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. கதவுப் பக்கம் ஒரு பொறுப்பான ஆள் இல்லாமல் வண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, நானே கதவோரம் நின்று, எல்லாரும் ஏறியதைப் பார்த்து 'ரைட்' சொன்னேன். டிரைவர் எடுத்தார். தொழில் தெரிந்தவர். விமானத்துக்குப் பக்கத்தில் நின்றதும் நான் முதலில் இறங்கிப் படியேறி உள்ளே போய், கண்ணில் பட்ட முன் வரிசையில் இரண்டு இருக்கைக்கும் சேர்த்துத் துண்டைப் போட்டேன். துண்டு போட்ட இடத்துக்கு நம் பக்கம் ஒரு மரியாதை உண்டு. தகராறு வரலாம், துண்டை எடுக்க மாட்டார்கள். இங்கே ஏர் ஹோஸ்டஸ் பெண் வந்து, அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கி, சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்துவிட்டாள். துவைத்த துண்டு அது. பெங்களூர்ப் பெண், நமக்குக் கன்னடம் தெரியும், எடுத்துச் சொன்னேன். அவள் எனக்குப் பதில் தமிழில் சொன்னாள்: "ஐயா, இங்க நம்பர் சிஸ்டம். உங்க நம்பர் பாத்து உக்காருங்க ஐயா."

நான் ஜெயமணியைக் கூட்டிக்கொண்டு இருபத்தோராம் வரிசைக்குப் போனேன். நடைபாதை ஓரத்து இருக்கையில் ஒரு பெரிய உடம்புக்காரர் அதற்குள் தூங்கிப்போயிருந்தார். நடுவில் ஜெயமணியின் இடம். ஜன்னல் ஓரத்தில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கூப்பிட்டார்.

"இன்னா கண்டக்டரே! சிங்காரப்பேட்டை வண்டியை விட்டுட்டு இங்க இன்னா பண்றீங்க?"

கிருஷ்ணகிரி ஜமீர் அகமது. மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறார், வியாபாரத்துக்காகப் பம்பாய் போகிறாராம். என் வண்டியில் எத்தனையோ வருடம் வந்த ஆள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"பாய், நீங்க எழுந்து ஒம்பதாம் வரிசைக்குப் போயிடுங்க. இவ ஜன்னல்ல உக்காரணும், நான் நடுவுல."

"சீட்டு நம்பர் போட்டுக் குடுத்திருக்காங்க கண்டக்டரே. டிக்கெட் வாங்கினவன் உக்காரணும். கண்டக்டர் பொண்டாட்டிக்குன்னு தனிச் சட்டம் கெடையாது." சொல்லிவிட்டு அவர் ஜெயமணியைப் பார்த்துச் சிரித்தார். "இது யாரு சொன்னதுன்னு அக்காவுக்குத் தெரியும்."

மச்சான், 1971-இல் ஜன்னல் ஓரத்தில் எழுந்து நின்ற காலேஜ் வாலிபன் இந்த ஆள்தான். அதற்கப்புறம் இத்தனை வருடம் என் வண்டியில் வந்தும் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கிறாரா? உள்ளேயே வைத்திருந்து, முப்பத்தைந்தாயிரம் அடிக்குப் போகிற வண்டியில் எடுத்து விடுகிறார்.

"அன்னிக்கு நானா எழுந்தேன். தோளைப் புடிச்சு உக்கார வெச்சீங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தத் தோள்பட்டை ஞாபகம் வெச்சிருக்குது. இன்னிக்கு நீங்க கேளுங்க, எழுந்துக்கறேன். 'பாய், எங்க வீட்டம்மாவுக்கு எடம் குடுங்க'. அவ்வளவுதான். அதிகாரமா இல்ல. கேட்கணும்."

நான் நின்றேன். எனக்குப் பின்னால் முப்பது பேர் பையும் கையுமாக நின்றார்கள். ஏர் ஹோஸ்டஸ் பெண் வந்து, ஐயா கதவு மூடணும் ஐயா என்றாள். மூடும்மா என்றேன். நீங்க உக்காந்தாத்தான் மூட முடியும் ஐயா என்றாள். முப்பத்தொரு வருடத்தில் என் வீட்டாருக்காக ஒரு பயணியிடம் எழுந்திருங்கள் என்று நான் வாய் திறந்ததில்லை. என் மாமியார், அதாவது உங்கள் அம்மா, சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து ஓசூர் வரை வந்திருக்கிறார்கள். உங்களுக்கே தெரியும், அதற்கும் ஒரு கார்டு போட்டீர்கள். அப்போது ஜெயமணி என் சட்டைக் கையை இழுத்தாள்.

"விடுங்க. எனக்கு நடு சீட்டே போதும். பரவால்ல."

இந்தப் 'பரவால்ல' எனக்குத் தெரியும். மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தான்.

சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது புகாருக்கு அவசியமில்லை, ஆகவே இங்கே எழுதவில்லை. ஜமீர் அகமது சரியாகக் காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் காது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது தடவையும் சொன்னேன். உடனே எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, தூங்குகிறவர் கால்களைத் தாண்டி வந்தார். "இந்தத் தடவையாவது திரும்ப உக்கார வெச்சிடாதீங்க கண்டக்டரே" என்று என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஒன்பதாம் வரிசைக்குப் போனார். சுற்றி இருந்த நாலு பேர் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை, அவர்களுக்குத் தமிழும் தெரியாது.

ஆக, ஜெயமணி ஜன்னலில், நான் நடுவில். கொடுத்த வார்த்தை நிறைவேறியது. நிறைவேற்றியது நான், கம்பெனி அல்ல என்பதைப் புகாரில் கோடிட்டுக் காட்டவும். விமானம் ஓடி மேலே ஏறும்போது ஜெயமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏறி முடித்ததும் விட்டாள். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

இனிமேல்தான் கம்பெனியின் சேவை எப்படி என்பதை நான் பார்த்தேன். தலைக்கு மேலே ஒரு பொத்தான், அமுக்கினால் விளக்கு எரியும், ஆள் வருவார்கள் என்று சொன்னார்கள். பதினான்காம் வரிசையில் ஒரு அம்மாள் அமுக்கினார். விளக்கு எரிந்தது. ஆள் வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏழு நிமிடம். ஒரு பயணி கூப்பிட்டு ஏழு நிமிடம் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டியை நான் இதுவரை கண்டதில்லை. ஜெயமணியிடம் 'ரெண்டே நிமிசம்' என்று சொல்லி, இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போய் விசாரித்தேன். அந்த அம்மாளுக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். நானே முன்னால் போய் வாங்கி வந்து கொடுத்தேன். அதைப் பார்த்துப் பத்தொன்பதாம் வரிசைக்காரர் என்னிடம் போர்வை கேட்டார். பதினொன்றில் குழந்தைக்காரி பால் ஆற்ற இன்னொரு டம்ளர் கேட்டாள். கழிவறைக்குப் போகிறவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள், 'ஸ்வல்ப முந்தெ ஹோகி, கொஞ்சம் முன்னால நகருங்க' என்று ஒரு குரல் கொடுத்ததும் வழி சுத்தமாகிவிட்டது. காபியை முன் வரிசையிலிருந்து ஆரம்பித்தால் பின் வரிசைக்குப் போவதற்குள் ஆறிப்போகிறது, இதைக்கூடவா ஒரு வெளியாள் சொல்ல வேண்டும்? சொன்னேன். அந்தப் பெண் மூன்று தடவை என்னை உட்காரச் சொன்னாள். வேலை செய்துகொண்டிருக்கிற ஆளைப் பார்த்து உட்கார் உட்கார் என்பது என்ன மரியாதை?

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. இதைப் புகாரின் கடைசியில் தனியாக, பெரிய எழுத்தில் போடவும். கவுண்டரில் 'ஃபுல்' என்று சொன்னார்கள் அல்லவா? நான் தலை எண்ணினேன். மொத்த இருக்கை நூற்றிருபது. ஆட்கள் நூற்றிப் பதினெட்டு. முன்பக்கம் ஒரு இருக்கை காலி, பின்பக்கம் ஒரு இருக்கை காலி. இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு புருசன் பெண்டாட்டியைப் பன்னிரண்டு வரிசை தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள்! இது மட்டுமா? ஏர் ஹோஸ்டஸ் பெண்ணிடம் எத்தனை டிக்கெட் ஏறியிருக்கிறது என்று கேட்டேன். கையிலிருந்த தாளைப் பார்த்து நூற்றிப் பத்தொன்பது, கடைசி நேரத்தில் ஒருத்தர் வரவில்லை என்றாள். நான் நூற்றிப் பதினெட்டு என்றேன். அவள் நூற்றிப் பத்தொன்பது என்றாள். திரும்ப எண்ணினேன். பின்னாலிருந்து முன்னாலும் எண்ணினேன். கழிவறைக் கதவையும் தட்டிப் பார்த்துக்கொண்டேன். நூற்றிப் பதினெட்டுதான். என் கணக்கில் ஒரு தலை குறைந்ததாக எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் எழுதியதில்லை. ஆக, ஒரு பயணியை ஏற்றியதாகத் தாளில் காட்டிவிட்டுப் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஆள் யாரோ, எவரோ, அவர் வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்களோ. ஒரு மனுசனைக் காணோம் என்கிறேன், அந்தப் பெண் சிரிக்கிறாள்.

பம்பாய் நெருங்கியதும் பெல்ட் போடச் சொன்னார்கள். நான் முன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கும் ஊர் வரும்போது நான் கதவோரம்தான் நிற்பேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்து அழுத்தி, காலியாக இருந்த முன் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை அவளே மாட்டிவிட்டாள். என் தோளைப் பிடித்து அழுத்தி! என் வயதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? விமானம் தரையில் தட்டிய உடனே, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெரிய கம்பெனி ஆட்கள் நாற்பது பேரும் எழுந்து மேலே இருந்த பைகளை இழுக்க ஆரம்பித்தார்கள். 'வண்டி நிக்கட்டும்! நின்னதும் எறங்கலாம்! உக்காருங்க எல்லாரும்!' என்று இருந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டேன். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைப் புகாரில் போட வேண்டாம்.

பெட்டி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது, ஊறுகாய் ஜாடி உடையவில்லை. அதையும் போட வேண்டாம்.

ஆகவே மச்சான், புகாரில் நீங்கள் கேட்க வேண்டியது என்னவென்றால், ஒன்றாக வந்தவர்களை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும், இல்லாத இடத்தை இருக்கிறது என்றும் இருக்கிற இடத்தை இல்லை என்றும் சொல்லக்கூடாது, வண்டி நின்றால் எந்த இயந்திரம் என்று பெயர் சொல்ல வேண்டும், காபி இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும், காணாமல் போன அந்த ஒரு பயணிக்கு என்ன ஆயிற்று என்று எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். ஏழு நாள் கெடு வைக்கவும். எனக்கு வைத்தது அதுதான்.

உங்கள் வீட்டில் சென்னம்மா அக்காவுக்கு எங்கள் வணக்கம். பேரப் பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, நல்ல படிப்புப் படித்து, எங்கே போனாலும் உட்கார இடம் கிடைத்து வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
சென்னகிருஷ்ணன்,
நடத்துனர் (ஓய்வு).

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஜெயமணி வாங்கிப் படித்தாள். பம்பாய் வந்து மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"நூத்திப் பதினெட்டு எண்ணினீங்களே, அதுல உங்களை எண்ணினீங்களா?"

"கண்டக்டர் தன்னை எண்ணிக்கறது இல்ல ஜெயா. வழக்கம் இல்ல."

"பின்னாடி ஒரு சீட்டு காலின்னு எழுதி இருக்கீங்களே, அது எந்த வரிசை?"

நான் யோசித்தேன். மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் யோசித்தேன்.

"பம்பாய் வர்றப்ப கீழ கடலு தெரிஞ்சிது" என்றாள். "நான் கடலைப் பாத்ததே இல்ல. இம்மாம் பெருசு. வெயில்ல தகடு மாதிரி மின்னுது. 'ஏங்க, இங்க பாருங்க'ன்னு திரும்பறேன். பக்கத்து சீட்டுல துண்டுதான் உக்காந்திருந்துது. அந்தத் தூங்கின ஆளு முழிச்சுக்கினு என்னைப் பாக்கறாரு. கடலைப் பத்தி நான் துண்டுகிட்ட சொன்னேன்."

ஆகவே புகாரை எழுத வேண்டாம். மேலே எழுதியது எல்லாவற்றையும் ரத்து செய்துகொள்ளவும். கம்பெனி பெயர் எழுதிய தாளைக் கிழித்துவிடவும். காணாமல் போன நூற்றிப் பத்தொன்பதாவது பயணி கிடைத்துவிட்டார்.

பதிலாக ஒரு உதவி. 1971-இல் கொடுத்த புகாரின் நகல் உங்களிடம் இருக்கும், நீங்கள் எதையும் தூக்கிப் போடுகிறவர் அல்ல. அதில் தேதியை மாற்றி, பேருந்து என்ற இடத்தில் விமானம் என்று போட்டு, எனக்கு அனுப்பி வைக்கவும். 'இருக்கை கிடைக்காதபடி செய்தார்' என்ற வரியை மட்டும் திருத்த வேண்டும். இருக்கை கிடைத்தது, ஆள்தான் கிடைக்கவில்லை. இந்தத் தடவை ஏழு நாளைக்குள் விளக்கம் கொடுக்கிறேன். எழுத ஆரம்பித்தும்விட்டேன், முதல் வரியில் நிற்கிறது.

ஜூன் ஆறாம் தேதி திரும்பி வருகிறோம். பெங்களூர் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டுக் கொடுத்திருக்கிறேன். விசிலையும் துண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். யார் பொத்தானை அமுக்கினாலும் எத்தனை நிமிடம் விளக்கு எரிந்தாலும் நான் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வரவேண்டுமாம்.

அந்த இயந்திரம் எது என்பதை மட்டும் விடாதீர்கள். தனியாக ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள். ஜெயமணிக்குத் தெரிய வேண்டாம்.